சிறு தீயில் நாற்பது நிமிடம்

அட்டையில் போட்டிருக்கிறபடி செய்தால் போதும், வேறொன்றும் யோசிக்க வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி வெளியில் வைக்கவும். வைத்தாயிற்று. அடிகனமான பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய். அடிகனமான பாத்திரம் இந்த வீட்டில் நாலு இருக்கிறது, நாலிலும் முப்பத்தைந்து வருஷமாகச் சாம்பாரும் கூட்டும் தவிர ஒன்றும் கொதித்ததில்லை. அதனால் நேற்று புதிதாக ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு தட்டு. தட்டு வாங்கியிருக்க வேண்டாம். வாங்கி வீட்டுக்கு வந்து பேப்பரைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது, ஜெசிந்தாவுக்கு என்று தனித்தட்டு வைத்தால் பழையபடி அதேதானே? சாப்பிட வா என்று கூப்பிட்டுவிட்டுத் தனித்தட்டா? ஆனால் வீட்டுத் தட்டில் போட்டால் அப்புறம் அதில் நான் எப்படிச் சாப்பிடுவது, புளி போட்டுத் தேய்த்தாலும் மனசு கேட்குமா? சரி, தட்டு பிறகு. முதலில் இதைப் பிரிக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளின் ஒரு மூலையைப் பிடித்து இழுக்கவும் என்று போட்டிருக்கிறது. நாலு மூலையும் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தரிக்கோல். தாளுக்கு அடியில் சிவப்பாக, ஈரமாக, மசாலா தடவிய துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று. இளம் ஆட்டுக்கறி என்று தமிழிலும் லேம்ப் என்று இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. லேம்ப் என்றால் குட்டி. ஆடு என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். குட்டி என்று எதற்கு எழுத வேண்டும், அதைப் படிக்கிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறுமோ என்னவோ. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், "மேடம், இது நான்வெஜ், தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். பின்னால் நின்றவர் சிரித்தாரா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மணி பதினொன்று ஐம்பது. ஒரு மணிக்கு வருகிறேன் என்றாள். வருவாளா? போனில் கூப்பிட்டபோது யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை, என் நம்பரை அழித்திருக்கிறாள். காந்திமதி பேசறேன் என்றேன். எந்தக் காந்திமதி என்றாள். நங்கநல்லூர் அம்மா, ஐயாவைப் பார்த்துக்க வந்தியே என்றேன். பின்னால் துணிக்கடைச் சத்தம் கேட்டது, யாரோ மீட்டர் எவ்வளவு என்று கேட்கிற சத்தம். "எதுக்கும்மா?" என்றாள். சும்மா, ஒரு வேளை என் வீட்டுல சாப்பிடு என்றேன். வியாழக்கிழமை லீவு என்றாள். வருகிறேன் என்று சொன்னாளா, லீவு என்று மட்டும் சொன்னாளா? ஒரு மணிக்குன்னா பார்க்கறேன் என்றாள். பார்க்கறேன் என்பதற்கு என்ன அர்த்தம். எண்ணெய் புகைகிறது. கை படாமல் பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன், ஒரு துண்டு வாணலி விளிம்பில் தொற்றி நின்றது, கரண்டியால் தள்ளினேன். சீறிக்கொண்டு கிளம்புகிற சத்தம், கத்தரிக்காய் போட்டால் வருகிற அதே சத்தம்தான். வாசனையும் முதலில் ஒன்றும் புதிதாக இல்லை. சோம்பு, மிளகு, இஞ்சி பூண்டு. என்ன வரும் என்று எதிர்பார்த்தேன்? மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராகப் புடவைத் தலைப்பை இடுக்கி வைத்திருந்தேன். பிறகு அடியிலிருந்து இன்னொன்று மெல்ல வந்தது, கொழுப்பின் வாசனை, வெதுவெதுப்பாக, மழையில் நனைந்த கம்பளி மாதிரி. சுவாமி அலமாரியின் கதவைக் காலையிலேயே சாத்திவிட்டேன். சாத்தினால் என்ன, மரக்கதவுதானே, இடுக்கு இருக்கிறதே. இடுக்கில் ஒரு துண்டைச் செருகலாமா என்று தோன்றியது. முருகனுக்கு மூக்கடைக்கிறாயாடி என்று அவர் இருந்தால் கேட்டிருப்பார். அவர் அப்படிக் கேட்கக்கூடியவர்தான், பக்கவாதம் வருவதற்கு முன்னால். வந்த பிறகு நாலு வார்த்தைதான் பாக்கி. தண்ணி, வேண்டாம், காந்தி, இன்னொன்று ஜெசி. ஜெசிந்தா முழுசாக வராது. என் பேரும் முழுசாக வரவில்லை, அதில் எனக்கு ஒரு சமாதானம்.

மூடி போட்டுச் சிறு தீயில் நாற்பது நிமிடம், நடுநடுவே கிளறவும். சிறு தீ என்றால் எவ்வளவு சிறியது? பால் காய்ச்சுகிற அளவு வைத்தேன். பதினாலு மாசம் வந்தாள், காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு. அவரைப் புரட்டுவாள், துடைப்பாள், முதுகில் புண் வராமல் பவுடர் போடுவாள், தொண்டையில் சளி கட்டினால் அந்த மெஷினை வைத்து உறிஞ்சி எடுப்பாள். நான் அந்தச் சத்தத்துக்கே அடுத்த அறைக்குப் போய்விடுவேன். வந்த முதல் வாரம், வியாழனா வெள்ளியா, கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பு. எனக்கு அது கருவாடு என்றே தெரியாது, சாக்கடை ஏதோ அடைத்துக்கொண்டது என்று பாத்ரூமைப் போய்ப் பார்த்தேன். அப்புறம்தான் அவளிடம் வந்து சொன்னேன். சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், தப்பா எடுத்துக்காதே, இந்த வீட்டுல பழக்கமில்லை, சாப்பாட்டை மட்டும் வெளியில வச்சுக்கோ என்று. அவள் மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். வெளியில் என்றால் எங்கே? நான் அதை யோசிக்கவில்லை. இந்தக் கட்டடத்தில் வெளியில் என்றால் மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டுதான். திருப்பத்தில் ஒரு படி கொஞ்சம் அகலம், அதில் உட்காருவாள். பக்கத்தில் லிப்ட் மோட்டார் இருக்கிற அறை, யாராவது ஏறி இறங்கினால் உறுமும். மழைக்காலத்தில் கிராதி வழியாகச் சாரல் அடிக்கும். ஒரு நாள் புடவையின் பின்பக்கம் நனைந்து வந்தாள், மறுநாளிலிருந்து பழைய பேப்பர் நாலு தாள் கொடுத்தேன், போட்டு உட்கார்ந்துக்கோ என்று. கொடுத்துவிட்டு, நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால்தான்... கிளற வேண்டும். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது, துண்டுகள் சுருங்கி நிறம் மாறி, பெட்டியில் பார்த்ததில் பாதிதான் இருக்கிறது. மூன்று பேர் சாப்பிடலாம் என்று போட்டிருந்தானே.

வாசல் மணி அடித்தது. பன்னிரண்டு பத்துதான், அதற்குள்ளா? கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் இல்லை, எதிர்வீட்டு மைதிலி. கையில் வாட்டர் டாங்க் கழுவுகிற நோட்டீஸ், கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுக்கொண்டிருக்கும்போதே மூக்கைச் சுளித்தாள். "என்னமோ வாடை வருதே, காந்திமதிம்மா, உங்களுக்கு வரலை?" என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை, யோசிக்கவே இல்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்த மாதிரி வந்தது. "கீழ பசங்க எதாவது வாங்கிட்டு வந்திருப்பாங்க," என்றேன். "குடி வைக்கும்போதே நான் சொன்னேன். செக்ரட்டரிகிட்ட சொல்லணும்," என்று போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றேன். கீழே இரண்டு பையன்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், லிப்டில் பார்த்தால் ஆன்ட்டி நீங்க முதல்ல என்பார்கள். இந்நேரம் வேலைக்குப் போயிருப்பார்கள், வீடு பூட்டிக் கிடக்கும். இல்லாத ஆள்மேல் எவ்வளவு சுலபமாகப் போய் உட்காருகிறது. இல்லாத ஆள். அந்த நேரத்துல அவ இல்ல. நான் சொன்னது அவ்வளவுதான், நாலே வார்த்தை, பொய் ஒன்றும் இல்லை, அந்த நேரத்தில் அவள் இல்லை என்பது உண்மைதானே.

மாசி மாசம் ஒரு புதன்கிழமை, மத்தியானம் ஒன்றே கால். ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் தொண்டையில் ஒரு கரகரப்பு. எப்போதும் வருகிறதுதான் என்று இன்னும் இரண்டு காம்பு ஆய்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் உதடு வேறு நிறம். ஜெசிந்தா என்று கத்தினேன். மெஷினை இழுத்தேன், பச்சை சுவிட்சா கறுப்பு சுவிட்சா, குழாய் எந்த முனை வாயில், பதினாலு மாசம் அந்தச் சத்தத்துக்கு அடுத்த அறைக்கு ஓடினவளுக்கு எது தெரியும்? மறுபடி கத்திக்கொண்டே கதவைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் ஓடினேன், அவள் எச்சில் கையோடு இறங்கி ஓடி வந்தாள், என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், எச்சில் கையோடு என்று எனக்கு அப்போதுகூட மனசில் பட்டதே, அதை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது. அவள் என்னென்னவோ செய்தாள். நெஞ்சை அழுத்தினாள். டாக்டர் வந்து, இருதயமும் பலவீனமாத்தான் இருந்தது என்றார். பலவீனமாத்தான் என்றால்? மெஷின் உடனே வைத்திருந்தாலும் போயிருப்பாரா, பிழைத்திருப்பாரா? நான் கேட்கவில்லை. பொழுது சாய மகள் ஹைதராபாத்திலிருந்து வந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல், நர்ஸ் எங்கம்மா இருந்தா என்றாள். அந்த நேரத்துல அவ இல்ல என்றேன். சம்பந்தி கேட்டார், அதையே சொன்னேன். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், சொல்லச் சொல்ல வாக்கியம் வழவழப்பாகிவிட்டது. அவளை வேலைக்கு வைத்திருந்த நர்ஸ் ஏஜென்சிக்காரன் போன் பண்ணினான். அவனிடமும் சொன்னேன். எங்கே இருந்தாள், ஏன் அங்கே இருந்தாள், யார் அனுப்பினார்கள் என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று மருந்துக்கடைப் பையன்தான் சொன்னான். அஞ்சு மாசம் ஆகிறது.

அடி பிடிக்கிற வாசனை. ஓடிப்போய்க் கிளறினேன், நடுவில் கறுப்பாக ஒட்டியிருக்கிறது, அரை டம்ளர் வெந்நீர் விடவும் என்பதை மறந்திருக்கிறேன். விட்டேன், சொர் என்று அடங்கியது. உப்பு பார்க்க வேண்டுமே. பார்க்கவும் என்றும் போட்டிருக்கிறான், உப்பு, காரம் சரிபார்த்து இறக்கவும். எப்படிப் பார்ப்பது? கரண்டி நுனியில் குழம்பைத் தொட்டு உள்ளங்கையில் விட்டுக்கொண்டேன், எப்போதும் சாம்பாருக்குச் செய்கிற மாதிரி, கை தானாகச் செய்துவிட்டது. சிவப்பாக ஒரு பொட்டு. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முடியவில்லை. குழாயைத் திறந்து கழுவினேன், சோப்புப் போட்டு இரண்டு தரம். அன்றைக்குக் காலையிலும் அவளிடம் சோப்பு என்று ஏதோ சொன்னேனே, என்ன சொன்னேன், நினைவு வரவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்து. கீழ் வீட்டுப் பையன்கள் சாயங்காலம் வருவார்கள், செக்ரட்டரி கதவைத் தட்டுவார், அவர்களுக்கு ஒன்றும் புரியாது, ஆன்ட்டி சொன்னாங்க என்று யாரும் அவர்களிடம் சொல்லப்போவதில்லை. தீயை இன்னும் குறைத்தேன். கதவைத் திறந்து நாலு எட்டு நடந்து மைதிலி வீட்டு மணியை அடித்தேன். அடித்த பிறகுதான் கையில் கரண்டி இருப்பது தெரிந்தது. அவள் திறந்தாள். "மைதிலி, அந்த வாடை என் வீட்டுலேருந்துதான். கறி செய்யறேன்." "நீங்களா?" என்றாள், கரண்டியைப் பார்த்தாள். நான்தான் என்றேன். "யாருக்கு?" என்றாள். அவருக்குப் பணிவிடை செய்தாளே ஜெசிந்தா, அவளுக்கு என்றேன். "அவளா, அவதானே அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் கேட்க என்னால் முடியவில்லை, அடுப்பில் இருக்கு என்று திரும்பி வந்துவிட்டேன். பாதிதான் சொன்னேன். சுலபமான பாதி.

ஒன்று ஐந்து. ஒன்று பத்து. சோறு வடித்து வைத்தாயிற்று, எனக்கு ரசம், அவளுக்கும் ரசம். கறியை இறக்கி அஞ்சு நிமிடம் மூடி வைக்கவும், அது ஆகி இருபது நிமிடம் ஆகிறது. வரமாட்டாள். வராவிட்டால் இதை என்ன செய்வது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, குப்பைக்காரம்மாவுக்குக் கொடுக்கலாம், கொடுத்தால் அதுவும் ஒரு மிச்சம் கொடுத்த கணக்காகிவிடும். வந்தால் என்ன கேட்பது? சாப்பாடு ஒரு சாக்கு. அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று, உள்ளே இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பியா? காப்பாற்றியிருப்பேன் என்றால் நான் எங்கே போவது. முடிந்திருக்காது என்றால், என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று இதே அடுப்படியில் நின்று நினைத்துக்கொண்டிருப்பேன். லிப்ட் உறுமுகிறது. நின்றது. செருப்புச் சத்தம் இந்தப் பக்கம் வருகிறதா, அந்தப் பக்கமா? மணி.

இளைத்திருந்தாள். நைலெக்ஸ் புடவை, கடையில் கொடுக்கிற யூனிபார்ம் போல. செருப்பை வெளியில் விட்டு, பழைய பழக்கத்தில் பையை வாசல் ஓரமாகவே வைத்தாள்.

"உள்ள கொண்டு வாம்மா."

உள்ளே வந்தவள் மூக்கை உயர்த்தினாள். என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"கறி. கடையில தயாரா விக்கிறாங்க. நான் சூடு மட்டும்தான் பண்ணினேன்."

கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, சுவரில் தலையணை உரசின தழும்பு மட்டும் இருக்கிறது. மேஜைக்கு வா என்றேன். தயங்கி உட்கார்ந்தாள். தட்டை எடுக்கப் போனவள் அலமாரி முன்னால் நின்றுவிட்டேன், புதுசா, வீட்டுதா, கை இரண்டுக்கும் நடுவில். மேலே இருந்த வீட்டுத் தட்டு இரண்டை எடுத்தேன், எது யாருக்கு என்று பார்க்காமல் எடுத்தேன். சோறு வைத்தேன், கறி வைத்தேன், அடிபிடித்த துண்டுகளை ஒதுக்கி நல்லதாகப் பார்த்து வைத்தேன். எதிரில் ரசம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள்.

"உப்புக் கொஞ்சம் பத்தலை," என்றாள். பிறகு, "பரவால்லம்மா, வெந்திருக்கு."

உப்புக் கிண்ணத்தை நகர்த்தினேன். போட்டுக்கொண்டாள். நாலைந்து வாய் சாப்பிட்டாள். எலும்பை உறிஞ்சுகிற சத்தம். நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"ஜெசிந்தா, அன்னைக்கு..."

"நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டீங்க," என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "மொத தடவையே கேட்டுச்சும்மா."

எனக்கு விளங்கவில்லை.

"காலையில உங்க சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. அவங்க முன்னாடி, நேத்துக் கவிச்சி சாப்பிட்ட கை, சோப்புப் போட்டுக் கழுவிட்டு அவரைத் தொடுன்னீங்க. எனக்கு அது தாங்கலை. அன்னைக்கு நான் கொண்டு வந்தது எலுமிச்சஞ்சாதம். உள்ளயே சாப்பிட்டிருக்கலாம். இருந்தும் படிக்குத்தான் போனேன். நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. எதுக்காவது கூப்பிடுறாங்க, ஒரு வாய் தின்னுட்டுப் போலாம்னு உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அந்த ஒரு வாய்தான். அதுக்குள்ள நீங்க ரெண்டாம் தடவை கத்தினீங்க. அதுல என்ன ஆச்சு, ஆகலைன்னு எனக்குத் தெரியாதும்மா. டாக்டருக்கும் தெரியாது. அஞ்சு மாசமா நானும் அதையேதான் நினைக்கிறேன்."

ஒரு வாய் நேரம். இதோ இருக்கிறது, இவளே தூக்கிக்கொண்டு வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள், எடுத்துக்கொண்டால் போதும். மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாம், அவளே ஒத்துக்கிட்டா என்று. எவ்வளவு லேசாக இருக்கும். ஒரு கணம் அது லேசாகவே இருந்தது, தோள் இறங்குவதுகூடத் தெரிந்தது. அவள் சாப்பிடாமல் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் எடுத்துக்கொள்வேன் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாள். ஏஜென்சியில் கேட்டபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். நான் ஆய்ந்த இரண்டு காம்புக் கீரை எவ்வளவு நேரம்? அதை யாரிடமும் சொன்னதில்லையே.

"கரகரப்பு வந்தப்பவே நான் எழுந்திருக்கலை," என்றேன். "கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தேன். உன்னை அந்தப் படியில உட்கார வச்சதும் நான்தானே."

இல்லைம்மா, அப்படிச் சொல்லாதீங்க என்பாள் என்று என் காது காத்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா," என்றாள்.

அவள் அழவில்லை, எனக்கும் வரவில்லை. ஏஜென்சிக்காரனுக்கு நான் சொல்கிறேன், நடந்ததை அப்படியே சொல்கிறேன் என்றேன்.

"சொல்லுங்க. நான் திரும்பி அங்க போகமாட்டேன், ஆனா சொல்லுங்க." தட்டில் மீண்டும் பிசையத் தொடங்கினாள். "இப்பவே சொல்லுங்க. நான் இங்க இருக்கும்போதே."

போனை எடுத்தேன். கண்ணாடி இல்லாமல் பெயர் தெரியவில்லை, அவளே எட்டிப் பார்த்து இடது கையால் காட்டினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு, எடுக்காவிட்டால் இனி எடுக்கவே மாட்டேன் என்று ஒரு நினைப்பு, வைத்துவிடுவோமா என்று விரல் நகர்ந்த நேரத்தில் அவன் எடுத்தான்.

"சொல்லுங்க மேடம்."

ஜெசிந்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கருவாட்டுக் குழம்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.